ஒளு முடியாத தமீம்

ராயபுரம் தோல் கிடங்கில் எடை போட்டுவந்த தமீமால், 1951 வாக்கில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவை முடிக்க முடியாமல் போயிற்று. முழங்கை வரை கழுவுவார். நனைந்ததா என்று சந்தேகம் வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மார்க்கத்தில் நல்ல பேணுதல் என்று புகழ்ந்தவர்களே பிறகு சைத்தான் வேலை என்றார்கள். ஊருக்கு இரண்டும் சுலபம். மூளையில் ஏதோ கோளாறு என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் தொட்டியருகே இமாம் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“போதும் தமீம் பாய். ஒளு கூடிடுச்சு, உள்ள வாங்க.”

“எனுக்கும் தெரியுது ஹஸ்ரத். உள்ள ஒண்ணு இல்ல இல்லன்னு சொல்லிகினே கீது.”

இமாம் தொழவைக்கப் போனார். தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, இமாம் பிடித்த இடத்தைத் தமீம் கழுவிக்கொண்டிருந்தார்.