நூற்றியோராவது பெயர்

10.05.2024, வெள்ளி: 26 − 18 = 8
11.05.2024, சனி: 26 + 18 = 44
12.05.2024, ஞாயிறு: 26 + 18 = 101
02.01.2025, வியாழன்: 101 − 1 + 1 = 101

இவற்றில் முதலாவதும் கடைசியும் ஜஹானாரா டீச்சர் போட்ட கணக்குகள். நடுவில் உள்ள இரண்டும் சினிமா போட்டவை. இரண்டாவது சரிதானே என்று கேட்பவர்கள், விடை சரியாக இருக்கிறதே தவிர கேள்வி மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் ஜஹானாரா. விடை சரியாக வந்தாலும் வழியில் ஒரு குறி தவறியிருந்தால் அரை மதிப்பெண் போய்விடும். அழுது பார்த்த பிள்ளைகள் உண்டு. அம்மாவை அழைத்துவந்து அழவைத்த பிள்ளைகளும் உண்டு. போன அரை மதிப்பெண் யாருக்கும் திரும்பி வந்ததில்லை.

அப்படிப்பட்டவரைத் தேடி ராயபுரத்து வீட்டுக்கு வந்தான் வசீம். அதே தெருக்காரன், உதவி இயக்குநர். ஒரு கணித மேதையைப் பற்றிப் படம் எடுப்பதாகவும், கரும்பலகையில் எழுத ஆள் வேண்டும் என்றும் சொன்னான்.

"ஹீரோவுக்கு நடிப்பு வரும் டீச்சர், கணக்குதான் வராது. கை மட்டும் உங்களுது. டைட்டில்ல 'கணித ஆலோசனை: ஜஹானாரா'ன்னு பேரு வரும்."

அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது. மறுநாளே ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சேமியா கூடச் செய்து எடுத்துப்போனார்.

எர்ணாவூரில் மூடிக்கிடந்த ஒரு கிடங்கைப் பல்கலைக்கழகமாக மாற்றியிருந்தார்கள். மேதையின் அறைக்குள் நுழைந்த ஜஹானாரா முதலில் தேடியது டஸ்டரை. எங்கும் இல்லை.

"மேதை எழுதறத எதுக்கு டீச்சர் அழிக்கணும்?" என்றான் வசீம்.

"நான் ஒரு கணக்கு போடறதுக்கு நாலு தடவ அழிக்கிறேன்."

"அதான் உங்கள வெச்சு படம் எடுக்கல."

கதாநாயகன் வந்தான். தாடி, கலைந்த தலை, பித்தான் மாற்றிப் போட்ட சட்டை. கணக்குத் தெரிந்தவன் குளிக்கமாட்டான் என்பது சினிமாவில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். சாக்பீஸை பீடி பிடிப்பதுபோல் இரண்டு விரலில் பிடித்திருந்தான். கண்ணை மூடினால் அவனைச் சுற்றி எண்கள் ஈப்போல் பறக்கும். அது பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பது. கதாநாயகியும் கணக்குக்காரிதான். அவளுக்கு ஒரு கண்ணாடி கொடுத்திருந்தார்கள். இடைவேளைக்கு முன் அதைக் கழற்றுவாள். அதோடு அவள் கணக்கும் முடிந்தது.

"கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கிற மாதிரி ஒரு காட்சி வைக்கலாமே" என்று இயக்குநரிடம் சொல்லிப்பார்த்தார் ஜஹானாரா.

"இவன் உட்கார்ந்தா ஜனங்க எழுந்துடுவாங்க மேடம்."

கதைப்படி, துறைமுக வாசலில் வரிசையாக நிற்கும் பெட்டிகளில் இருபத்தாறாவதில் வெடிகுண்டு. முன்னாலிருந்து பதினெட்டு பெட்டிகளைத் தூக்கியாகிவிட்டது. அப்படியானால் குண்டு இப்போது எத்தனையாவது பெட்டியில்? மேலே இரண்டு பலகை நிறையச் சமன்பாடுகள் எழுதி, ஜனங்களுக்குப் புரியட்டும் என்று கடைசியில் ஒரே ஒரு கழித்தல் போட்டார் ஜஹானாரா. விடை எட்டு. அதுதான் படத்தின் முதல் ஷாட். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டியாகிவிட்டது.

தயாரிப்பாளர் தங்கப்பாண்டி அப்போதுதான் பலகையைப் பார்த்தார். சாத்தாங்காட்டில் இரும்பு மொத்த வியாபாரம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏம்மா டீச்சர், மொத ஷாட்டே மைனஸா? விளங்குமா?"

"சார், பெட்டியை எடுத்துட்டாங்க. எடுத்தா கழிக்கத்தானே வேணும்?"

"மைனஸு, அதுக்குப் பொறத்தால எட்டு. எட்டுல எவனாவது கடை தொறப்பானா? கூட்டிப் போடுங்க."

அன்றைக்குப் படப்பிடிப்பு நின்றது. மறுநாள் கூட்டல் குறி வந்தது, நாற்பத்துநான்கு வந்தது. தங்கப்பாண்டி இரண்டு விரலை மடக்கிப் பார்த்தார்.

"நாலும் நாலும் எட்டு. பின்வாசல் வழியா உள்ள வந்துட்டு, பாத்தீயளா? ஒண்ணுல முடியட்டும்மா. மொய் எழுதுற மாதிரி நூத்தியொண்ணுன்னு போடுங்க."

"இருபத்தாறும் பதினெட்டும் நாப்பத்துநாலுதான் சார்."

"அது உங்க பள்ளிக்கூடத்துல. இவரு மேதைல்லா? மேதைக்கும் நாப்பத்துநாலுதான் வரும்னா, டிக்கெட் எடுத்து எவன் பாப்பான்?"

கூடி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இயக்குநரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜஹானாரா சாக்பீஸைத் தொடவில்லை. ஓவியப் பிரிவுக்காரர் ஒருவர் விரலாலேயே நாற்பத்துநான்கை அழித்து, டீச்சரின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து நூற்றியொன்று எழுதினார். ஒன்றுக்கு டீச்சர் போடும் மேல்வளைவுகூட அப்படியே வந்திருந்தது. வரிசையில் இருந்ததே அறுபது பெட்டி. "மீதிய கிராபிக்ஸ்ல ஏத்திக்கலாம் டீச்சர், பேஜாராவாதீங்க" என்றான் வசீம். ஜஹானாரா பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. பெயர் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

டிசம்பரில் முன்னோட்டம் வெளியானது. பலகை முழுத்திரையில், இடிச் சத்தத்தோடு வந்தது. அதே வாரம் அரையாண்டுத் தேர்வு. மெஹ்னாஸ் என்ற பெண் ஒரு கூட்டலில் பிழை செய்திருந்தாள். ஜஹானாரா சிவப்பு மையில் சுழித்து அரை மதிப்பெண் குறைத்தார். விடைத்தாளை வாங்கிக்கொண்டவள் இடத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"டீச்சர், சினிமால போட்டா ரைட்டு, நான் போட்டா ராங்கா?"

வகுப்பு சிரித்தது. அவள் விடவில்லை.

"அது உங்க கையெழுத்துதானே டீச்சர்? ஒண்ணு போடறதப் பாத்தாலே தெரியுதே."

ஜஹானாரா அடுத்த விடைத்தாளை எடுத்துப் பெயரைக் கூப்பிட்டார். கையெழுத்தாவது பரவாயில்லை, போலி என்று சொல்லிக்கொள்ளலாம். பெயரும் திரையில் வந்துவிட்டால்? பிறகு எந்த முகத்தோடு சிவப்புப் பேனாவைத் திறப்பது?

அன்று மாலையே படக் கம்பெனிக்கு ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபால் எழுதினார்: என் பெயரை நீக்கவும்.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் அவர் கணவர் ரஷீது, கவரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பேரு வரணும்னு ஊரே அட்சிகினு கீது. நீ இன்னாடான்னா வாணாம்னு ரிஜிஸ்டர் தபால் வுட்ற."

"நூத்தியொண்ணுக்குக் கீழ என் பேரா? உங்க துறைமுகத்துல அறுபது பெட்டிய நூத்தியொண்ணுன்னு எழுதுவீங்களா?"

"எயுதுனா அப்பால வூட்லதான் குந்திகினு இருக்கணும்" என்று சொல்லி, கவரை ஒட்டினார் ரஷீது.

பதில் வந்தது. நிர்வாகி எழுதியிருந்தார்: 'படத்தின் முடிவில் ஓடும் பட்டியலில் மொத்தம் நூற்றியொரு பெயர்கள். தயாரிப்பாளர் பெயர் தனி அட்டையில் வருவதால் இதில் சேராது. தங்கள் பெயரை எடுத்தால் நூறாகிவிடும். பூஜ்யத்தில் முடிய ஐயா சம்மதிக்கவில்லை. வருந்துகிறோம்.'

ஜஹானாரா அதை இரண்டு தரம் படித்தார். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம், சரியாகப் போட்ட ஒரு கழித்தல் அந்தக் கம்பெனியிலிருந்து இப்போதுதான் வருகிறது என்பது கண்ணில் பட்டது. இவர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை, கணக்காகத்தான் பேச வேண்டும். புத்தாண்டுக்கு மறுநாள் உட்கார்ந்து எழுதினார்:

'ஐயா, நூற்றியொன்றில் ஒன்று போனால் நூறு. ஒன்று சேர்த்தால் மறுபடி நூற்றியொன்று. என் விடை எட்டு. அதை யாரும் ஏற்கவில்லை. இருபத்தாறும் பதினெட்டும் நூற்றியொன்று என்று கண்டவர் தங்கள் தயாரிப்பாளர். எனவே கணித ஆலோசனை என்பதற்கு நேரே என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுவதே முறை. பட்டியல் குறையாது.'

"கிண்டல் பண்றன்னு தெரிஞ்சிக்கமாட்டானுங்களா?" என்று கேட்டார் ரஷீது.

"தெரிஞ்சா, டஸ்டர் வாங்கியிருப்பாங்களே."

பிறகு வந்த கடிதம்தான் கடைசி. 'தங்கள் பெருந்தன்மையைக் கண்டு ஐயா நெகிழ்ந்துபோனார். எட்டாம் வகுப்போடு நின்றுபோன தன் படிப்புக்குக் கிடைத்த மரியாதையாக இதைக் கருதுகிறார். கணித ஆலோசனை: தங்கப்பாண்டி என்று மாற்றியாகிவிட்டது. எழுத்தும் முன்பைவிடப் பெரிதாக்கப்பட்டுள்ளது.' ஜஹானாரா அதை விடைத்தாள் கட்டின் மேல் வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார். கடிதம் வந்த தேதி: 20.01.2025, திங்கள்.