இறுக்கிக் கட்டிய வயிறு

தொண்ணூற்றெட்டில் மூன்றாவது பிள்ளையைப் பெற்று, உடம்பு தேறுமுன்பே பாக்கியலெட்சுமி மடுல்சீமை மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்க இறங்கிவிட்டாள். வயிறு தொளதொளவென்று கிடந்தது. "இறுக்கிக் கட்டு புள்ள, சரியாயிரும்" என்றார்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள். பழைய சேலையைக் கிழித்து மூச்சு முட்டக் கட்டிக்கொண்டாள். சரியாகவில்லை. இருமினால் மூத்திரம் சொட்டியது; கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் பாவாடையே நனைந்தது.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கங்காணி முருகையா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தள்ளி நில்லு. கொழுந்துல நாத்தம் ஏறிறப் போகுது" என்றான். வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவளுக்கு உடம்பு கூசியது. பிள்ளை பெற்ற உடம்பு இப்படித்தான் என்று நம்பி, சாக்கை இழுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள்.

அந்தக் கட்டோடேயே வருடங்கள் போயின. 2004இல் இருமல் விடாமல் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இருமும்போது மூத்திரம் போகிறதா என்று டாக்டர் விசாரித்து அவளை உடற்பயிற்சி சிகிச்சை தரும் யோகமலரிடம் அனுப்பினார். யாழ்ப்பாணத்துப் பெண். முதல் வேலையாக வயிற்றுக் கட்டை அவிழ்க்கச் சொன்னாள்.

"பாரம் தூக்கேக்க மூச்சை அடக்குறனீங்களோ?"

"ஆமாங்க. இல்லாட்டி தூக்க ஏலாதே."

"வயித்துத் தசையும், கீழ மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்குற தசையும் சேர்ந்துதான் வேலை செய்யும். பிள்ளை பெத்தா ரெண்டும் தளர்ந்துபோம். மேல இறுக்கிக் கட்டி, மூச்சையும் அடக்கினா அமுக்கம் எல்லாம் கீழதான் இறங்கும்."

மூத்திரத்தை அடக்குவதுபோல் கீழ்த்தசையை மேலே இழுத்து, மூச்சை விட்டபடி தூக்கப் பழக்கினாள். இழுத்தபோது அடிவயிறும் தானாக உள்வாங்கியதைப் பாக்கியலெட்சுமி தொட்டு உணர்ந்தாள். சந்தோஷம் வரவில்லை. கொதித்தது.

"மூணு புள்ளைக்கும் கிளினிக்குக்கு வந்தேனே! நிறை பாத்தாங்க, ஊசி போட்டாங்க. இத ஏங்க ஒருத்தரும் கேக்கல?"

"கேட்டிருக்கோணும்" என்றாள் யோகமலர் தலைகுனிந்து.

தசை தேறும்வரை பாரம் குறைக்கச் சொன்னபடி, அடுத்த வாரம் பாக்கியலெட்சுமி பாதிச் சாக்கோடுதான் மடுவத்துக்கு வந்தாள்.

"என்னடி பாதி?" என்றான் முருகையா.

"அடி கிடின்னு கூப்பிட்டா பல்லு இருக்காது! முழுச் சாக்கு வேணும்னா நீ தூக்கு. அன்னைக்கு மூக்கப் பொத்துனியே, இப்பப் பொத்து பாப்பம்!"

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற பரிமளம், அன்று சிரித்தவள்தான், "எனக்கும் அப்பிடித்தான்" என்று உரக்கச் சொல்லித் தன் சாக்கைக் கீழே போட்டாள். அதன்பின் கொழுந்தை இரண்டு நடையாகத் தூக்கும் பெண்களை முருகையா ஒன்றும் கேட்கவில்லை.

சில மாதங்களில் சொட்டுவது வெகுவாகக் குறைந்தது. பலத்த இருமலுக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. கோபம் குறையவில்லை. லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் போய் நின்று, வயிற்றுக் கட்டை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை பிடித்தாள்.