படத்தில் இருந்த சிவப்பு

எங்கள் வீட்டில் யாரும் சிவப்புச் சேலை உடுத்துவதில்லை. சிவப்பு வீட்டுச் சாமிக்கு உரியது. சாமி என்றால் மாமனாரின் தங்கை. கல்யாணம் ஆவதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனவர்.

மாமனார் காலமான பிறகு வீட்டில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தொந்தரவு வந்ததாம். குறி சொல்லும் கோடாங்கி உடுக்கை அடித்துப் பார்த்து, "வீட்டுக் கன்னி சேலை கேக்குது. உடுத்துன நெறத்துலயே எடுத்து வையிங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கன்னிக்கு இருந்தது ஒரே ஒரு படம். சொந்தக்காரர் கல்யாணத்தில், வாசலில் கட்டிய வாழை மரத்தை ஒட்டி நிற்கிறார். சேலை செங்கல் போன்ற சிவப்பு. அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு தை மாதமும் சின்னாளபட்டியில் சிவப்புச் சுங்குடிச் சேலை வாங்கிச் சாமிப் பெட்டியில் வைக்கிறோம். போன வருடத்துச் சேலையை வேறு வீட்டுப் பெண் யாருக்காவது கொடுத்துவிடுவோம். அந்த நிறத்தை நாங்கள் தொடக் கூடாது. அதனால்தான் நான் மருமகளாக வந்தபோது முகூர்த்தத்துக்குப் பச்சை எடுத்தார்கள்.

இந்த வருடம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் சிவப்புப் பட்டுக்கு ஆசைப்பட்டாள்.

"செவப்பு மட்டும் வேணாம்த்தா. வேற என்ன வேணும்னாலும் எடுத்துக்க" என்றார் மாமியார்.

"என் கல்யாணத்துக்குக் கூடவாம்மா?" என்று மகள் என்னிடம் அழுதாள். "அப்பத்தாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நான் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை. மளிகைக் கடையிலேயே வேண்டியதை விரலால் காட்டி வாங்குகிறவள்.

கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளை அடிக்க, சுவரில் இருந்த படங்களைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் என் கல்யாணப் படம். தூசி துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். படத்தில் என் சேலையும் சிவப்பாக இருந்தது.

பீரோவைத் திறந்து சேலையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். நல்ல பச்சை. படத்தில் அதே சேலை செங்கல் நிறம். அந்தச் சுவரில் காலை வெயில் நேராக விழும்; வெயில் பட்டுப் பட்டுப் படத்தின் நிறம் மாறிப்போயிருந்தது. என் கையில் இருந்த வெற்றிலையும் பின்னால் இருந்த வாழை இலையும்கூடப் படத்தில் செங்கல் நிறம்தான். பிறகு சாமி படத்தைப் பார்த்தேன். அதிலும் வாழை இலையும் சேலையும் ஒரே நிறம். இலை பச்சை என்றால் சேலையும் பச்சை.

மகளுக்குச் சிவப்பு கிடைத்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நிமிடமே இன்னொன்று உறைத்தது. சாமியின் நிறம் பச்சை என்றால், அந்த நிறத்தைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தவள் நான். நான் வந்த பிறகுதான் கிணறு வற்றியது. என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தது. எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இதற்கெல்லாம் ஒரு காரணத்தைத்தான் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மகள் முகத்தைப் பார்க்க முடியாது. படங்களைப் பழைய துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். படுத்தாலும் அவை முதுகுக்குக் கீழேயே இருந்தன.

சேலை எடுக்கப் போகும் நாள் காலையில் மகள் இட்லியைத் தொடவில்லை. மாமியார் முற்றத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் சேலையையும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"அத்தே, சாமி சேலை பச்சையா இருக்குமோன்னு..."

"நான் கண்ணால பாத்தவ. அன்னைக்கு அவளுக்குச் சடை பின்னி விட்டதே நான்தான். செவப்புத்தான்."

"அப்ப வாழை எலையும் செவப்பா அத்தே?"

எப்படி என் வாயில் வந்ததோ தெரியவில்லை. மாமியார் கீரையைக் கீழே வைத்தார். படத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். என் சேலை முந்தானையை என் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இம்புட்டு வருசமா யாரோட சேலையம்மா நம்ம சாமி அத்தைக்குக் குடுத்தோம்?"

"நீ வாய மூடுறா."

மாமியாரின் கண் என் சேலையை விட்டு நகரவில்லை. "இதக் கட்டிக்கிட்டுத்தான மணவறையில உக்காந்த?" என்று கேட்டார்.

நீங்கள் எடுத்துக் கொடுத்ததுதானே அத்தை என்று சொல்ல வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

மாமியார் முடிவு சொன்னார். "சாமிக்கு வச்சத இல்லைன்னு சொல்ல முடியாது. செவப்பும் அவளுக்குத்தான். பச்சையும் அவளுக்குத்தான். இனிமே ரெண்டையும் யாரும் உடுத்த வேணாம். இந்தச் சேலையப் பெட்டியில வையித்தா."

வைத்தேன்.

மத்தியானம் திண்டுக்கல்லில் கடைக்காரர் சேலைகளை அள்ளிப் போட்டார். "முகூர்த்தத்துக்கு எல்லாரும் செவப்புத்தாம்மா எடுக்கறாங்க."

"வேணாம்" என்றார் மாமியார்.

"அப்ப இந்தப் பச்சையப் பாருங்க."

"அதுவும் வேணாம்."

"பின்ன நான் வெள்ளையத்தான் காட்டணும்."

"கல்யாணச் சேலை எடுக்கிற எடத்துல நல்ல வார்த்தை வராதா அப்பு?"

மகள் என் காதோரம் குனிந்தாள். "நீ சும்மா இருந்திருந்தா பச்சையாச்சும் மிஞ்சியிருக்கும்லம்மா" என்றாள்.

பிறகு கைக்கு எட்டிய நீலச் சேலை ஒன்றை இழுத்தாள். கடைக்காரர் பிரித்துக் காட்ட வந்தார்.

"பிரிக்க வேணாம்ணே" என்றாள். "பில்லு போடுங்க."