எஸ்தரோடு மறுபடியும் பேசினேன்

பிரியமானவர்களே, என் தொண்டையில் இருப்பது புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஆபரேஷன் முடிந்து, இனிக் குரல் வராது என்று தெரிந்த அன்றுதான் உடைந்து போனேன். போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் அது.

என் மனைவி எஸ்தருக்குக் கண் தெரியாது. சீனி வியாதியில் பார்வை போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. நான் எங்கே இருக்கிறேன் என்பதையே அவள் என் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. தேயிலை பெக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகினவன், வீட்டிலும் ஓயாமல் பேசுவேன். ஹாலிஎலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் எங்கள் வீட்டில், அந்தப் பேச்சு ஒரே நாளில் நின்றுபோனது. அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தேன். அவள் எழுத்துப் படிக்காதவள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்: "நீங்க கை தட்டுங்க, நான் ஒங்ககிட்ட வந்துடுறேன்."

அந்தக் கைதட்டல்தான் வினையாகிப் போனது. ஒரு சாயங்காலம் கொதிக்கிற தண்ணீர்ப் பானையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, கோப்பை எடுக்கத் திரும்பினேன். எஸ்தர் நேராகப் பானை இருக்கும் பக்கமாக நடந்து வருகிறாள். கத்த வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பதறிப்போய்க் கை தட்டினேன். நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக வந்தாள். கால் வெந்துவிட்டது.

கொழும்பிலிருந்து மகள் ஜெயா ஓடி வந்தாள். "இனி ஒங்க ரெண்டு பேரையும் இப்படித் தனியா விட முடியாதுப்பா. புண்ணு ஆறினதும் அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க பண்டாரவளையில சித்தப்பா வீட்டுல இருங்க" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். அவள் இருப்பது ஒற்றை அறை, அதில் எனக்கும் சேர்த்து இடம் கிடையாது. மறுத்துச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, நியாயமும் இல்லை.

முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, பாட்டுப் பாட வேண்டாம், இவளை நில்லு என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தைக்காவது என் குரலைத் திருப்பித் தாரும் என்று கெஞ்சினேன். பதில் இல்லை. அவரோடு கோபித்துக்கொண்டேன், உண்மையைத்தான் சொல்கிறேன்.

அந்த நாட்களில்தான் போதகர் ஓர் அறிவிப்புச் செய்தார். ஞாயிறு பிற்பகல் சபை மண்டபத்தில் பெரியவர்களுக்குப் போன் பாவிக்கச் சொல்லிக்கொடுக்கச் சிலர் வருகிறார்கள், காசு கிடையாது என்றார். பேச்சே இல்லாதவனுக்குப் போன் எதற்கு என்று நான் அசையவில்லை. எஸ்தர்தான் விடவில்லை. "போனு வேதத்தை வாசிச்சுக் காட்டுமாம். கொழும்புக்குப் போனா எனக்கு அதுதானே தொண" என்றாள். அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

ஷர்மிளா என்ற சகோதரிதான் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாரம் முழுக்க டவுனில் ஒரு பாமசியில், மருந்துக் கடையில், நின்றபடி வேலை செய்கிறவள். கிடைக்கிற ஒரே ஓய்வையும் எங்களுக்காகக் கொடுத்தாள். திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கிற மாதிரி எஸ்தருடைய போனைச் சரிசெய்தாள். அது வாசித்ததைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் எழுதினாலும் பேசுமா என்று சைகையில் கேட்டேன்.

"பேசும் ஐயா. திரையிலயே வெரலால எழுதுங்க."

முதலில் எழுதினது தப்பாகப் போனது. அழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். ஷர்மிளா ஓர் இடத்தைத் தொட்டாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "எஸ்தர், கால் இன்னும் வலிக்குதா?" என்று கேட்டது.

"யாரு கேக்குறா?" என்றாள் எஸ்தர்.

"ஒங்க வீட்டுக்காரர்தாம்மா."

அவள் கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்தாள். பிறகு மெதுவாக, "வலிக்கலங்க. நீங்க எம்மேல கோவமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள். அத்தனை பேர் நடுவில் நான் அழுதேன்.

ஆனால் எழுதிக்கொண்டிருந்தால் பானை காத்திருக்குமா? அதற்கும் ஷர்மிளா வழி கண்டுபிடித்தாள். நில்லு, சூடு, படி, வா என்ற சொற்களை, ஒருமுறை தொட்டதும் பேசுகிற மாதிரி அதே போனில் போட்டு என் கழுத்தில் மாட்டிவிட்டாள். வீட்டுக்கே வந்து வெறும் பானையை வழியில் வைத்துப் பழக்கினாள். முதல் தடவை அவசரத்தில் "வா" என்பதைத் தொட்டுவிட்டேன், பானை உருண்டு வாசல்வரை போனது. எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

சொன்னபடி ஜெயா, அம்மாவின் துணிமணிகளை எடுத்துப்போக ஒரு பையோடு வந்தாள். அன்று சாயங்காலமும் தண்ணீர் கொதித்தது. எஸ்தர் அடுப்படிக்கு வந்தாள். கழுத்தில் தொங்கிய போனைத் தொட்டேன். "நில்லு. சூடு." அவள் அந்த இடத்திலேயே நின்று, "சரிங்க" என்று சொல்லிச் சுவரைப் பிடித்துத் திரும்பினாள். ஜெயா பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலைந்து நாள் கூடவே தங்கி எல்லாவற்றையும் கவனித்தாள். பிறகு, "ஒனக்குப் பயமா இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

"அதான் ஒங்கப்பா பேசுறாருல்ல."

மகள் வெறும் பையோடு தனியாக ரயிலேறினாள்.

சகோதர சகோதரிகளே, என் குரல் திரும்பி வரவில்லை. ஆனாலும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று எந்தச் சபையிலும் எழுந்து நிற்பேன். கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். ஞாயிறு பிற்பகல் மண்டபத்துக்கும் வாருங்கள். இப்போது நானும் அங்கே சொல்லிக்கொடுக்கிறேன். எது வேண்டுமானாலும் கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், எழுந்து போய்விடாதீர்கள்.