செங்காயா பழமா என்று கை சொன்ன நாள்

என் வலது கை மாட்டுத் தீவனம் வெட்டும் மெஷினில் போனது. முழங்கைக்குக் கீழே கொஞ்சம்தான் மிச்சம். எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

சில மாதம் கழித்து மோட்டார் வைத்த கை ஒன்று கிடைத்தது. தசையை இறுக்கினால் விரல் மூடும். எவ்வளவு அழுத்துகிறேன் என்பது மட்டும் தெரியாது. காரிமங்கலம் சந்தையில் பின்னால் பஸ் வந்தது. பதறிப்போய் அந்தக் கையாலேயே என் ஐந்து வயது மகள் ரூத்தின் கையைப் பிடித்தேன். நசுக்கிவிட்டேன். எலும்பு தப்பியது. அன்றிலிருந்து அவள் என் இடது பக்கம்தான் நடந்தாள்.

"அந்தக் கை வேணாம்மா, அது கடிக்குது" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தேன். மரியாதையாக ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, உணர்வு குடுங்க. இல்லைன்னா இதையும் எடுத்துக்குங்க" என்று கத்தினேன். தினமும் அதே சண்டை. அழுதபடியே தூங்கினால் கனவில் பழைய கை வரும். தண்ணீருக்குள் கிடப்பதுபோல மெதுவாக விரல்களை விரிக்கும். விழித்த பிறகும் அந்தப் போன கட்டைவிரலில் ஈரம் இருப்பதுபோலத் தெரியும்.

ஆடி மாதம் போன் வந்தது. மோட்டார் கைக்கு அளவு எடுத்த இன்ஜினியர் அம்மா, புது மாதிரிக் கையைச் சோதிக்க ஆள் தேடினார். போனேன். மிச்சக் கையில் பென்சிலால் அங்கங்கே தொட்டார். ஓரிடத்தில் தொட்டபோது இல்லாத கட்டைவிரல் தெரிந்தது. இன்னோரிடத்தில் சுண்டுவிரல். புதுக் கையின் விரல் எதையாவது தொட்டால், அதே இடங்களில் சின்னப் பொத்தான்கள் அழுத்தும் என்றார்.

பழகுவதற்கு ஸ்பாஞ்ச் பந்து கொடுத்தார்.

"இது எதுக்குங்க? தக்காளி கொண்டாங்க" என்றேன். நாங்கள் தக்காளி போடுகிறவர்கள். தூரத்து மார்க்கெட்டுக்குப் பாதி பழுத்த செங்காய், பக்கத்துச் சந்தைக்குப் பழம். பறிக்கும்போதே கைக்குத் தெரியும்.

ஒரு வாரம் எல்லாம் நசுங்கியது.

"அக்கா, ரசம் வைக்கவா பழகறீங்க?" என்று சிரித்தார். கோபம் வந்தது. எட்டாம் நாள் கண்ணை மூடினேன். கனவில் வந்த கையைப்போல விரித்து, மெல்ல மூடினேன். கட்டைவிரலில் கெட்டியாக ஏதோ வந்து நின்றது.

"செங்காய்" என்றேன். அடுத்தது மெத்தென்று இருந்தது. "பழம்." கண்ணைத் திறந்தேன். பழம் உடையவில்லை. நான் உடைந்து அழுதேன்.

அந்தக் கையோடு வீட்டுக்கு வந்தேன். "நான் புடிக்க மாட்டேன். நீ தொட்டுப் பாரு" என்று ரூத்திடம் சொல்லிக் கண்ணை மூடினேன்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது கண்ணு."

"இப்ப?"

"இப்ப நீ தொடலடி, களவாணி!"

விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் கையைச் செய்தவர்கள் மனிதர்கள்தான். அவர்களை என்னிடம் அனுப்பியவர் கர்த்தர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோபம் இன்னும் வருகிறது, ஆனால் இப்போது ஜனங்கள் மேல் கொட்டுவதில்லை, அவரிடமே கொண்டுபோகிறேன். உங்களுக்கும் அழகாக ஜெபிக்க வராவிட்டால் பரவாயில்லை. சண்டை போடுங்கள். அவர் எழுந்து போய்விட மாட்டார்.

போன ஞாயிறு சபைக்கு நடந்தபோது ரூத் தானாகவே என் வலது பக்கம் வந்தாள். அவள் கை சூடா குளிரா என்று இந்தக் கைக்குத் தெரியாது. பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஸ்தோத்திரம்.