வேனில் இருந்த பிள்ளைகள்

குடியை விட்ட பிறகு, தக்கலையில் எங்களைப் போன்றவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். செய்த தப்புகளை ஒருவரிடமாவது ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். எனக்குச் சற்று முன்னால் குடியை விட்ட ஒரு மீன் வியாபாரியிடம் சொல்லத் தொடங்கினேன். ஆனால் நான் சொன்னதெல்லாம் என் அக்காவின் தப்பு.

திருவட்டாறு பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் காலையிலேயே குடிக்கிறேன் என்று அக்கா பள்ளியில் போய்ச் சொல்லிவிட்டாள். அன்றோடு வேலை போனது. கூடப்பிறந்தவளே என் குடும்பத்தைக் கெடுத்தாள் என்று சபையிலும் கல்யாண வீடுகளிலும் சொல்லித் திரிந்தேன். அவள் வீட்டுக்குப் போகக் கூடாதென்று மனைவியையும் தடுத்துவிட்டேன்.

மீன் வியாபாரி முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணைக்கு வண்டியில பிள்ளைகள் இருந்தினுமா மக்கா?" என்றார்.

இருந்தார்கள். யு.கே.ஜி. படிக்கிறவர்கள்கூட இருந்தார்கள். இத்தனை வருடம் ஊரெல்லாம் சொன்ன கதையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் வண்டி பாலத்துச் சுவரை உரசியதும், பின்னால் எழுந்த அழுகையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தப்பு என்னுடையதுதான், உன்மேல் பழி போட்டுவிட்டேன் என்றேன். அவள் கை நிற்கவில்லை. "நீ நல்லா இருந்தா மதி லே, அது போதும்," என்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள், "அக்காவப் போயி சொல்லச் சொன்னதே நானாக்கும்," என்றாள். நான் குடித்துவிட்டு வண்டி எடுப்பதைத் தினமும் பார்த்தது அவள்தானே. ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா என்னைய உயிரோட வச்சிருப்பியளா?"

அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த நாட்களில் எத்தனை முறை அவள்மேல் கை நீட்டினேன் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மனைவி சொல்லித்தான் போனேன் என்பதை அவள் அன்றுவரை வெளியே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று மனைவியே சொன்னாள். போனோம். இருவரும் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் அழுகை கேட்டது, அப்புறம் நெடுநேரம் பேச்சு. நான் முன்னறையில் அத்தானோடு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.