அக்கா குரல் இருந்த டிஸ்க்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது, அதுவும் வங்காளத்தில். தமிழ் எழுத்து வீட்டில் அக்கா சொல்லிக்கொடுத்தது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதிவிடுவேன், நடுவில் மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் இங்கே கல்கத்தாவில் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. மகன் காலேஜில் படித்தபோது வாங்கியது. அப்டேட் என்று ஒன்று வந்து வெகுநேரம் ஓடியது. பிறகு திறந்தால் நீலத் திரை, டிஸ்க்கைக் காணோம் என்று. தானே அணையும், தானே எரியும், மறுபடி அதே நீலம். கரியாஹாட்டிலிருந்து வந்த ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, "டிஸ்க் போச்சு மாஷிமா. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுப் பாக்கலாம்" என்று வங்காளத்தில் சொன்னார்.

"அழிச்சுடுங்க, அதுல என்ன இருக்கு" என்றான் மகன்.

அதில் அக்கா இருந்தாள். அவள் கண்ணை மூடுவதற்கு முந்தின பூஜை லீவில் மகன்தான் அவளைப் பேசவைத்து அதில் பதிந்தான். வேறெங்கும் அது இல்லை. அவனுக்கு மறந்துவிட்டது. அன்றைக்கு நான் சமையலறையில் இருந்தேன், அவள் பேசியதைக் கேட்கவில்லை. அவள் போன பிறகு போட்டுக் கேட்க மனசு துணியவில்லை. இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

வெளி ஆள் முன்னால் எனக்கு வாய் வராது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள்தான் என் முகத்தைப் பார்த்தாள். அவள் வங்காளிப் பெண், சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை.

"கீ ஹோலோ, மா? என்ன ஆச்சு?"

"பெரியம்மா பேசினது..." அவ்வளவுதான் வந்தது.

ரிப்பேர்காரரை அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். மெஷின் திறக்கிறதற்கு முன்னால் வரும் அமைப்பில் பார்த்தால் டிஸ்க் பெயர் இருக்கிறது. சிஸ்டம் திறந்த பிறகுதான் இல்லை. "டிஸ்க் நல்லா இருக்கு மா. உள்ள எல்லாம் அப்படியே இருக்கும். புது சிஸ்டத்துக்கு இந்தப் பழைய டிஸ்க்கோட பேசத் தெரியல. நடுவுல பேசறதுக்கு டிரைவர்னு ஒண்ணு உண்டு. அப்டேட் அதை மாத்திடுச்சு. ரிப்பேர்காரர் என்னடான்னா டிஸ்க்கே செத்துடுச்சுங்கறார்" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு இரண்டாம் வகுப்பு அறை கண்ணில் வந்து நின்றது.

நாங்கள் கல்கத்தா வந்தபோது எனக்கு ஏழு வயது இருக்கும், அக்காவுக்குப் பத்து. லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் வீடு. தெருக்கோடியில் வங்காளிப் பள்ளிக்கூடம். என்னை இரண்டாம் வகுப்பில் போட்டார்கள். அக்காவை மூன்றிலோ நாலிலோ. அவள் குழாயடியில் தண்ணீருக்கு நின்றே பாஷையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஏறவில்லை. தமிழில் வாய்ப்பாடு தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் அங்கே நாலு என்ற எண் நம்முடைய எட்டு மாதிரி இருக்கும். நாலும் மூணும் என்று பலகையில் போட்டால் நான் பதினொன்று எழுதுவேன். சிரிப்பார்கள். எழுதுவதையும் விட்டேன், பேசுவதையும் விட்டேன்.

ஒருநாள் திதிமணி, எங்கள் டீச்சர், அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அப்பாவுக்கு வங்காளம் தெரியாது. அக்காதான் நடுவில் நின்றாள். திதிமணி என்னைக் காட்டி நிறையச் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "இவ பக்கத்துல என்னை உக்காரச் சொல்றாங்கப்பா" என்றாள். அப்பா தலையாட்டினார். அக்கா திதிமணியிடம் திரும்பி ஏதோ சொன்னாள். திதிமணி அப்பாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து அக்கா என் பெஞ்சில். திதிமணி கேட்பதை என் காதில் தமிழில் சொல்லுவாள், நான் சொல்லுவதை எழுந்து நின்று வங்காளத்தில் சொல்லுவாள். கணக்கெல்லாம் சரியாக வந்தது. "கிழவி வந்தாச்சு" என்று பிள்ளைகள் அவளைக் கேலி செய்வார்கள். எனக்கோ அவள் ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று கோபம், கிள்ளுவேன். டீச்சர் சொன்னாரே என்றுதானே வந்திருக்கிறாள், இவளுக்கென்ன என்று நினைத்தேன். வருஷக் கடைசியில் நான் பாஸ். அப்பா சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்தார். பெரிய பெண் சின்ன வகுப்பில் உட்கார்ந்திருப்பது நன்றாக இல்லை என்று அக்காவை நிறுத்திவிட்டார். அவள் அம்மாவோடு அடுப்படிக்குப் போனாள். நான் சந்தேஷைத் தின்றுகொண்டிருந்தேன்.

மருமகள் முதலில் புது டிரைவர் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த மெஷின் செய்த காலத்துப் பழைய டிரைவரைத் தேடிக் கொண்டுவந்து, நீலத் திரையில் ரிப்பேர் என்ற இடத்தில் கொடுத்தாள். டிஸ்க் வந்தது. உள்ளே எல்லாம் இருந்தது. வேறெதையும் தொடுவதற்கு முன்னால் அக்காவை மட்டும் தன் லேப்டாப்பில் எடுத்து வைத்து, "கேக்கறீங்களா மா?" என்றாள். அழிந்துபோகப் பார்த்ததே என்ற பயத்தில் சரி என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே பேசினாள்.

"திதிமணியா என்னை உங்கம்மா பக்கத்துல உக்காரச் சொன்னா? இவ தலையில ஒண்ணுமில்ல, நாளையிலேருந்து அனுப்பாதீங்கன்னா. நான் அப்பாகிட்ட மாத்திச் சொல்லிட்டேன். அப்பா கெஞ்சறாரு, என்னை இவ பக்கத்துல உக்கார வைங்கன்னு திதிமணிகிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்ப உன் கிளாஸ், பெரியம்மா?" இது மகன் குரல்.

"அது கெடக்கு. உங்கம்மா அப்பளத்தைக் கருக்கறா, வாசனை வருது பாரு, போய்ச் சொல்லு."

அதோடு முடிந்துவிட்டது.

டிரைவர் பற்றி நான் எழுதியதில் தப்பிருந்தால் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்களோடு அந்தப் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், அக்கா அப்போது மூன்றில் இருந்தாளா, நாலிலா? அங்கே நாலோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். நாலு என்றால், முடிக்க அவளுக்கு அந்த ஒரு வருஷம்தான் பாக்கி இருந்திருக்கும்.